முப்பதாம் எண்ணுக்கு இரண்டு வாசல்

என் அப்பா டெலிபோன் கம்பி இழுத்தவர். நான் கம்ப்யூட்டர் கேபிள் இழுக்கத் தொடங்கி, பிறகு ஒரு பெரிய மருத்துவமனையின் நெட்வொர்க்கை இருபத்தாறு ஆண்டுகள் கையில் வைத்திருந்தவன். வேலையில் குறை என்று சொல்லிக்கொண்டு ஒருவரும் எங்கள் வீட்டுப் படியேறியதில்லை. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். அந்தப் பெருமை என்ன செய்தது என்பதையும் என் வாயாலேயே சொல்லிவிடுவதுதான் முறை.

என் மருமகளும் அதே மருத்துவமனையில் வேலை பார்த்தாள். நான் பிடித்துக் கொடுத்த வேலை என்று சிலர் முணுமுணுத்தார்கள். அவளுடைய நேர்முகத் தேர்வு அன்று நான் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தேன். தன் கெட்டிக்காரத்தனத்தால் வந்தவள் அவள். வேலை நேரத்தில் என்னை ‘சார்’ என்பாள். வீட்டுக்கு வந்தால் ‘மாமா’.

என் மகன் மூன்று ஆண்டுகளுக்கு முன் வீட்டை விட்டுப் போனான். இன்னொரு பெண்ணோடு இருக்கிறான். கேட்டவர்களுக்கெல்லாம் ‘வெளியூரில் வேலை’ என்று சொன்னேன். மருமகளும் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று அவளிடம் கேட்டுக்கொள்ளவில்லை, சொன்னேன், அவ்வளவுதான். அவளும் சொன்னாள். ஒப்பந்தத்தில் இருந்த அவளுடைய வேலை இது நடந்த மாதக் கடைசியில் நிரந்தரமாகியிருக்கும். நிரந்தரமானவர்களுக்கு வளாகத்திலேயே இரண்டு அறை வீடு உண்டு. ஏழு வயதுப் பேத்தியை அழைத்துக்கொண்டு அங்கே போய்விடப் போவதாகத் தன் மாமியாரிடம் சொல்லியிருந்தாள். என்னிடம் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். ஒரே வீட்டில் அப்படித்தான் இருந்தோம்.

வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் தவறு எவ்வளவு சின்னது என்பது விளங்காது.

மருத்துவமனையின் இயந்திரங்களைப் பிரிவு பிரிவாகப் பிரித்து வைத்திருந்தோம். ஒவ்வொரு பிரிவும் ஒரு வி.லேன். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். மருந்தகம் இருபது, ரத்த வங்கி முப்பது, எக்ஸ்ரே நாற்பது. வி.லேனை ஒரு தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருவுக்குள் யாரும் யாரோடும் பேசலாம். தெருவைத் தாண்டிப் போக ஒரே ஒரு வாசல். அந்த வாசலுக்கு ஒரு முகவரி.

பழைய ஏற்பாட்டில் வாசல்கள் எல்லாம் என் ரவுட்டரில் இருந்தன. ஒரே கேபிள், அது வந்து சேரும் ஒரே போர்ட்டை எண் வாரியாகப் பிரித்துப் பல சப்-இன்டர்ஃபேஸ்கள். பத்து குடித்தனத்துக்கு ஒரே மாடிப்படி மாதிரி. இயந்திரங்கள் பெருகப் பெருக அங்கே நெரிசல். புதிதாக வந்த ஸ்விட்ச் வாசலையும் தன்னிடமே வைத்துக்கொள்ளும். அதில் வி.லேன் இன்டர்ஃபேஸ் ஒன்றை உருவாக்கி அதே முகவரியைக் கொடுத்தால் போதும், ரவுட்டர் வரை நடக்க வேண்டாம். ரவுட்டர் என் பொறுப்பு, ஸ்விட்ச் மருமகள் பொறுப்பு. வாரத்துக்கு ஒரு தெருவாக மாற்றினோம். ஆகவே கொஞ்ச காலம் இரண்டும் அருகருகே ஓடின. சில வாசல்கள் என்னிடம், சில அவளிடம்.

விதி ஒன்றுதான். நான் மூடிய பிறகே அவள் திறக்க வேண்டும். ஒரே முகவரிக்கு இரண்டு வாசல் கூடாது.

ஒரு திங்கட்கிழமை முப்பதை மாற்றினோம். நான் என் பக்கம் மூடினேன். அவள் தன் பக்கம் திறந்தாள். ரத்த வங்கியிலிருந்து எல்லாம் சரி என்று தகவல் வந்தது. நான் நாற்காலியை விட்டு எழுந்தேன்.

“சேவ் பண்ணலையா சார்?”

“ஒரு வாரம் ஊறட்டும்.”

“ஊறுறதுக்கு இது என்ன அழுக்குத் துணியா?”

“ஏதாவது ஏடாகூடமா ஆச்சுன்னா பவரை அணைச்சுப் போட்டா போதும், பழையபடி வந்து நிக்கும். இருபத்தாறு வருஷமா இந்தக் கைக்கு இதுதான் பழக்கம்.”

“கரன்ட் தானா போயிட்டு வந்தாலும் பழையபடிதான் வந்து நிக்கும்.”

“யு.பி.எஸ். எதுக்கு வச்சிருக்கு? அழகுக்கா?”

“அந்த பேட்டரிக்கு என் கல்யாணத்தைவிட வயசு ஜாஸ்தி. ரெண்டும் ஒரே லட்சணத்துலதான் இருக்கு” என்றாள்.

சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. மருமகளிடம் பாடம் கேட்கிற வயது எனக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டு சாப்பிடப் போனேன். எங்கள் தொழிலில் பலருக்கு இந்தப் பழக்கம் உண்டு. மாற்றியதை நினைவகத்தில் எழுதாமல் விட்டால் திரும்பி வர வழி திறந்திருக்கும். திறந்திருக்கும் வழியில் யார் வேண்டுமானாலும் வரலாம் என்பதை மட்டும் நான் நினைக்கவில்லை.

ஆறு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணிக்கு மின்சாரம் போனது. ஜெனரேட்டர் எழுந்திருக்க முக்கால் நிமிடம் ஆகும். யு.பி.எஸ். அந்த முக்கால் நிமிடம் தாங்கவில்லை. ரவுட்டர் அணைந்து, மறுபடி எழுந்து, தனக்குத் தெரிந்த பழைய எழுத்தைப் படித்து, முப்பதின் வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தது. ஸ்விட்ச்சில் அவள் திறந்து, சேவ் செய்திருந்த வாசலும் இருந்தது. ரத்த வங்கியின் இயந்திரங்களில் பாதி அவள் வாசலுக்குப் போயின, பாதி என் வாசலுக்கு வந்தன. அவை போய்ச் சேர வேண்டிய புது சர்வர் அறை ஸ்விட்ச் பக்கம் இருந்தது, அதற்கு வழி என் ரவுட்டருக்குத் தெரியாது. வந்ததையெல்லாம் வாங்கிக் கீழே போட்டது.

அதே மின்வெட்டில் ரத்த வங்கியின் ஒரு குளிர்பெட்டி மறுபடி ஓடவில்லை. உள்ளே சூடு ஏற ஏற, அதன் எச்சரிக்கைக் கருவி நெட்வொர்க் வழியாகக் கூவிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்தக் கூவல் வந்து விழுந்தது என் வாசலில். பிற்பகல் இரண்டரைக்குத்தான் ஒரு செவிலியர் கதவைத் திறந்து பார்த்தார். நூற்றுப் பன்னிரண்டு பை ரத்தம். நூற்றுப் பன்னிரண்டு பேர் கையை நீட்டிக் கொடுத்தது. அத்தனையும் பாழ்.

எனக்குத் தகவல் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது மணி நான்கு. மருமகள் எனக்கு முன்பே வந்து, மூன்றாம் மாடியில் ஸ்விட்ச் இருக்கும் அறையில் இருந்தாள். நான் கீழே ரவுட்டர் அறைக்குப் போனேன். கதவைச் சாத்திக்கொண்டு திரையைப் பார்த்தேன். சப்-இன்டர்ஃபேஸ்களின் பட்டியலில் முப்பது என்ற எண்ணுக்கு எதிரே ‘அப்’, அதாவது திறந்திருக்கிறது, என்று இருந்தது. வேறு எதையும் பார்க்கத் தேவையிருக்கவில்லை.

அந்த இடத்தில் ஒரு மனிதன் செய்ய வேண்டியது, எதையும் தொடாமல் கதவைத் திறந்து நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டுவது. நான் முப்பதை மூடினேன். சேவ் செய்தேன். பிறகு ரவுட்டரை ரீலோட் செய்தேன், அதாவது அணைத்து மறுபடி எழுப்பினேன். மூடியது மூடியபடியே எழுகிறதா என்று சோதிக்கத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ரீலோட் செய்தால் காலையிலிருந்து அதன் லாக்கில், நடந்ததையெல்லாம் குறித்து வைக்கும் பதிவேட்டில், இருந்த ஒவ்வொரு வரியும் அழியும் என்பது, அந்த மாதிரிப் பெட்டிகளை இருபத்தாறு ஆண்டுகள் கட்டி மேய்த்தவனுக்குத் தெரியாதா?

அது எழுந்து மூன்று நிமிடம் ஆகியிருக்கும். மருமகள் மாடியிலிருந்து ஓடி வந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை.

“சார், உங்க பக்கம் முப்பது திறந்திருக்கா?”

“மூடியிருக்கு. வேணும்னா பாத்துக்கோ.”

திரையை அவள் பக்கம் திருப்பினேன். அவள் பட்டியலைப் பார்த்தாள். பிறகு குனிந்து, தானே இரண்டு சொல் தட்டினாள். ரவுட்டர் எழுந்து எவ்வளவு நேரமாகிறது என்று கேட்கும் கட்டளை அது. மூன்று நிமிடம் என்று திரை சொன்னது. அந்த வரியை அவள் படித்த நேரத்தில் ஒரு பக்கம் படித்து முடித்திருக்கலாம்.

“சரி” என்றாள். வெளியே போய்விட்டாள்.

அவளுடைய கெட்ட நேரம் இன்னொன்றும் நடந்திருந்தது. நான் கீழே மூடிய அதே நிமிடத்தில், பதற்றத்தில், அவள் மேலே தன் வி.லேன் இன்டர்ஃபேஸை அழித்து மறுபடி எழுதியிருக்கிறாள். ரத்த வங்கி அந்த நிமிடத்தில் சரியாகிவிட்டது. அவள் எழுதியதற்கு ஸ்விட்ச்சில் பதிவு இருந்தது. நான் மூடியதற்கு எங்கும் பதிவில்லை. பார்க்கிறவர்களுக்கு அப்புறம் என்ன சந்தேகம்? அவள் தப்பாக எழுதியிருந்தாள், அவளே திருத்தினாள். அன்று மாலை பராமரிப்பு ஆட்கள் கண்ணில் பட்ட பெட்டியையெல்லாம் அணைத்து அணைத்துப் போட்டதில், ரவுட்டர் புதிதாக எழுந்திருந்ததையும் ஒருவரும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை விசாரணை. கணினிப் பிரிவின் தலைவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். தும்மினாலும் அதற்கு ஒரு சுற்றறிக்கை விடுவார் என்பதால் அவருக்கு ‘சுற்றறிக்கை’ என்றே பெயர். பக்கத்தில் ரத்த வங்கி டாக்டரம்மா. எதிரே நானும் மருமகளும், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில்.

முதலில் அவளைக் கேட்டார்கள்.

“முகவரி ரெண்டு இடத்துல இருந்த மாதிரி ஸ்விட்ச் காட்டுச்சு சார். ஏன்னு சொல்லத் தெரியல.”

“அது லாக்ல இல்லையே?”

“கண்காணிப்பு கேமராக்கள் அணைஞ்சு அணைஞ்சு வந்ததுல லாக் நிறைஞ்சு அந்த வரி தள்ளிப் போயிடுச்சு.”

“வேற ஆதாரம் ஏதாவது?”

அவள் என் பக்கம் திரும்பவில்லை. மேசையின் மேல் இருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்ல சார்.”

“யோசிச்சுச் சொல்லும்மா. இருக்கா, இல்லையா?” இது டாக்டரம்மா.

“இல்ல மேடம்.”

பிறகு என்னைக் கேட்டார்கள். ரவுட்டரில் முப்பது மூடியிருந்ததா என்று. நான் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்திருந்தால், ஓய்வுக்கு ஏழு மாதம் இருக்கும் கிழவனை என்ன செய்திருப்பார்கள்? ஒரு சுற்றறிக்கை விட்டிருப்பார்கள். ஆனால் அந்த அறையில் அத்தனை பேரும் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு மரியாதை இருந்தது. அது இறங்குவதைப் பார்க்க என்னால் முடியாது என்று தோன்றியது. அந்த ஒரு கணம்தான்.

“என் பக்கம் மூடியிருந்தது. நான் வேலையைப் பாதியில் விடுகிறவன் இல்லை.”

“உங்களைத் தெரியாதா ஐயா?” என்றார் சுற்றறிக்கை.

மருமகளின் கைகள் மேசையிலிருந்து இறங்கி மடிக்குப் போயின.

புதன்கிழமை உத்தரவு வந்தது. கவனக்குறைவு. ஒப்பந்தம் ரத்து, வெள்ளிக்கிழமையோடு. அன்று மாலை வீட்டில் அவள் பேத்தியின் சட்டைகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். என் மனைவி, “அவ தப்பே பண்ண மாட்டாளே, நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” என்று கேட்டாள். நான் பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவினேன்.

வியாழக்கிழமை காலை சுற்றறிக்கையின் அறைக்குப் போனேன்.

“தப்பு என்னோடது. மூடினதை நான் சேவ் பண்ணல. கரன்ட் போய் வந்ததும் பழையபடி திறந்துக்கிச்சு.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “முதல்ல உக்காருங்க ஐயா.”

“நின்னே சொல்றேன்.”

“செவ்வாய்க்கிழமை உக்காந்துக்கிட்டு வேற மாதிரி சொன்னீங்களே?”

“அது பொய்.”

அவர் சிரித்தார். ஏளனமாக அல்ல, பாசமாகத்தான் சிரித்தார். அதுதான் தாங்க முடியவில்லை.

“கேபிள்காரர் ஆபரேஷன் தியேட்டர் லைனை வெட்டினாரே, ஞாபகம் இருக்கா? அன்னைக்கும் இப்படித்தான் வந்து நின்னீங்க. ‘நான்தான் அங்க வெட்டச் சொன்னேன்’னு. ரெண்டு நாள் கழிச்சுப் பாத்தா நீங்க அன்னைக்கு லீவு!”

“அவனுக்கு மூணு பொம்பளைப் புள்ளைங்க. அதனால சொன்னேன். அன்னைக்குச் சொன்னது பொய்.”

“செவ்வாய்க்கிழமை சொன்னதும் பொய்.”

“ஆமா.”

“இன்னைக்குச் சொல்றது மட்டும் நிஜம். ஐயா, ரெண்டு பொய்க்கு அப்புறம் ஒரு நிஜம்னு ஃபைல்ல நான் எப்படி எழுதுறது? கையில ஏதாவது இருக்கா? லாக், கீக்?”

“ரீலோட் பண்ணிட்டேன்.”

“ஞாயித்துக்கிழமை எல்லாரும்தான் எல்லாத்தையும் ரீலோட் பண்ணினோம்.” அவர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். “உங்க பையன் வெளியூர்ல இருக்கான். மருமகளுக்கு நீங்கதானே அப்பா ஸ்தானம். புரியுது. ஆனா அந்தப் பொண்ணே வாயைத் திறக்கலையே! தப்பு பண்ணாதவ சும்மா இருப்பாளா?”

மதியத்துக்குள் செய்தி மாடி மாடியாகப் பரவிவிட்டது. மருமகளுக்காகப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ள வந்த பெரிய மனிதர் என்று. படிக்கட்டில் எதிரே வந்த எக்ஸ்ரேகாரர் ஒதுங்கி நின்று வழி விட்டார். லிப்ட் ஆள் எழுந்து நின்றான். என் வாழ்நாளில் இவ்வளவு மரியாதையை நான் ஒரே நாளில் பார்த்ததில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நான் வெளியே எடுத்துக் காட்டியும் அதை யாரும் பூசணிக்காய் என்று ஒப்புக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, ஸ்விட்ச் அறையில் பொறுப்பை மாற்றிக்கொடுக்க வேண்டும். அவளிடமிருந்து வாங்கிக்கொள்ள என்னைத்தான் நியமித்திருந்தார்கள். அவள் வரிசையாகச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். எந்தப் போர்ட் எந்த அறைக்கு, எந்த வி.லேனுக்கு எந்த முகவரி, கடவுச்சொல் எந்த உறையில். குரலில் கோபமில்லை. மளிகைச் சாமான் பட்டியல் சொல்வது போலத்தான் சொன்னாள்.

“அந்த வரியை நீ போட்டோ எடுத்திருப்பே” என்றேன்.

“எந்த வரி?”

“ஒரே முகவரி ரெண்டு இடத்துலன்னு ஸ்விட்ச் காட்டின வரி. எடுக்காம விடுற ஆள் இல்ல நீ.”

அவள் கடவுச்சொல் உறைகளை அடுக்கி மேசையில் வைத்தாள்.

“எடுத்திருக்கேன்.”

“எந்தப் பெட்டியிலேர்ந்து வருதுங்கிற ஹார்டுவேர் நம்பர் தெரியுதா?”

“கடைசி எழுத்து வரைக்கும். உங்க ரவுட்டரோடது.”

“குடும்மா. இப்பவே மேல எடுத்துட்டுப் போறேன். அவங்க நம்பித்தான் ஆகணும்.”

“நம்புவாங்க” என்றாள். “அப்புறம் என்ன எழுதுவாங்க தெரியுமா? செவ்வாய்க்கிழமை ரெண்டு தடவை கேட்டாங்க, வேற ஆதாரம் இருக்கான்னு. இல்லைன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். ஆதாரத்தை மறைச்சாள்னு எழுதுவாங்க. கவனக்குறைவுன்னா என்னைக்காவது ஒருத்தர் கூப்பிட்டு வேலை குடுப்பாங்க. மறைச்சவள்னு எழுதினா இந்தத் தொழில்லயே யாரும் உள்ள விட மாட்டாங்க.”

“ஏன் இல்லைன்னு சொன்னே?”

“எனக்கு அடுத்து நீங்கதானே பேசணும். நீங்களே சொல்லிடுவீங்கன்னு இருந்தேன்.” அவள் பட்டியலில் ஒரு வரியை அடித்துத் திருத்தினாள். “நீங்க மூடியிருந்ததுன்னு சொன்ன உடனே போனை எடுத்து நீட்டியிருக்கலாம். அத்தனை பேர் முன்னாடி உங்களைப் பொய்யர்னு நிக்க வைக்கிறதுக்குக் கை வரல. வீட்டு விஷயத்தை வெளிய சொல்லாதேன்னு மூணு வருஷமா பழக்கிட்டீங்க இல்ல மாமா. பழகிப்போச்சு.”

“நான் வேற என்ன செய்யட்டும், சொல்லு.”

“யோசிச்சுப் பாத்துட்டேன். ஒண்ணும் இல்ல.”

அவள் சொன்னது வசையாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அது ஒரு கணக்கு. நானும் மூன்று நாளாக அதையே போட்டுப் பார்த்துவிட்டு அதே விடைக்குத்தான் வந்திருந்தேன்.

இரண்டு பிரதியாக ஒரு படிவம் எடுத்து மேசையில் வைத்தாள். பணி முடிவுக்குக் காரணம்: ‘வி.லேன் இன்டர்ஃபேஸ் அமைப்பில் கவனக்குறைவு’. அதன் கீழே ‘மேற்படி விவரங்களைச் சரிபார்த்துப் பொறுப்பேற்றவர்’ என்று ஒரு கோடு.

“இதுல நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?”

“போடலைன்னா அனுபவச் சான்று தர மாட்டாங்க. திங்கட்கிழமை ஒரு பள்ளிக்கூடத்துல கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு ஆள் எடுக்கிறாங்க. சான்று கேப்பாங்க.” கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். “சீக்கிரம் போடுங்க மாமா. பாப்பாவுக்குப் பள்ளிக்கூடம் விடுற நேரம். அங்கேருந்து அப்படியே சிநேகிதி வீட்டுக்குப் போறோம். பெட்டியெல்லாம் காலையிலயே போயிடுச்சு.”

என் பெயரை நான் எப்போதும் முழுதாக எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அப்பா பெயரின் முதலெழுத்தோடு. அன்றும் அப்படித்தான் போட்டேன், இரண்டு பிரதியிலும். அவள் எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினாள்.

“தேதி போடல.”

தேதியும் போட்டேன்.